தேயிலைக்கும் விதை உண்டு

ஆளி விதை, சியா விதை என்று பேரங்காடி அடுக்குகளில் விதைகள் வரிசை கட்டி நிற்கின்றன. (ஆளி விதையைப் பொடித்துச் சாப்பிடுங்கள்; முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் செரிக்காமல் வெளியேறிவிடும்.) ஆனால், நம் கேமரன் மலையை மூடியிருக்கும் தேயிலையின் விதையைப் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. கொழுந்து பறிப்பதும் கவாத்து வெட்டுவதும் தொடர்வதால், செடி தளிர் விடுவதிலேயே காலம் கழிக்கிறது. வெட்டாமல் விட்டால் மரமாகி, வெள்ளைப் பூ பூத்துக் காய்க்கும். உள்ளே கோலிக்குண்டு போன்ற பழுப்பு நிற விதை இருக்கும்.

1929இல் ஜே.ஏ. ரசல் இங்கே போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், உலகெங்கும் தேயிலை பெரும்பாலும் விதை ஊன்றியே வளர்க்கப்பட்டது. விதைகளைத் தண்ணீரில் போடுவார்கள். மூழ்குபவை நாற்றங்காலுக்குப் போகும், மிதப்பவை கழிக்கப்படும். இந்த விதை காய்ந்தால் முளைப்புத் திறனை விரைவில் இழந்துவிடும். அதனால்தான் ராபர்ட் பார்ச்சூன் சீனாவிலிருந்து இந்தியாவுக்குத் தேயிலை விதைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஈர மண்ணில் புதைத்துக் கப்பலேற்றினார்.

இன்று புதிய செடிகள் பெரும்பாலும் தண்டுத் துண்டிலிருந்து உருவாகும் குளோன்கள். விளைச்சல் அதிகம், தரமும் ஒரே சீர். தோட்ட நிர்வாகம் அதை விரும்புவதில் தவறில்லை. ஆனால் தண்டிலிருந்து வளர்வதற்கு ஆணிவேர் கிடையாது. விதையில் முளைத்தது ஆணிவேரை ஆழமாக இறக்கி வறட்சியைத் தாங்கும். மண் சரியும் மலைச்சரிவில் இது சின்ன விஷயமா? மேலும், தேயிலை அயல் மகரந்தச் சேர்க்கையை நம்பும் செடி. ஆகவே விதைச் செடி ஒவ்வொன்றும் மரபணுவில் தனி. ஒரே குளோன் நிறைந்த மலையில் நோய் புகுந்தால் எல்லாச் செடிக்கும் ஒரே கதிதான். பழைய விதைச் செடிகளைப் பிடுங்கும்போது அந்த வகைமையும் சேர்ந்தே போகிறது.

விதையில் எண்ணெயும் உண்டு. சீனாவில் தேயிலையின் உறவுச் செடி ஒன்றின் விதையெண்ணெயில் சமைக்கிறார்கள். எண்ணெய் பிழிந்த பிண்ணாக்கில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் மிஞ்சும். அது மீனின் செவுள் வழியே இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும். இறாலை அவ்வளவாகப் பாதிக்காது. இறால் குஞ்சுகளை விடுமுன் குளத்திலுள்ள மீன்களை ஒழிக்க இந்தப் பிண்ணாக்கைப் போடுவது இதனால்தான். உயிரியல் மாணவர்கள் இந்த வேறுபாட்டின் காரணத்தை ஆசிரியரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை சுங்கை பாலாஸ் பக்கம் போனால், கவாத்துக்குத் தப்பிய செடி ஓரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். காய் கிடைத்தால், அனுமதி கேட்டு எடுத்து வந்து தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.