அடுத்த பயிற்றுவிப்பாளர் யார்? அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

இலங்கையின் புல்மோட்டைக் கரையில் அள்ளும் கறுப்பு மணல் பார்வைக்கு ஒரே பொருள்தான். உள்ளே இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கோனும் கலந்து கிடக்கும். இல்மனைட்டைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். மிஞ்சியதில் மின்னைக் கடத்துவது ரூட்டைல், கடத்தாதது சிர்க்கோன். எது எவ்வளவு என்று தெரிந்தால்தான் விலை பேச முடியும்.

தோற்றுக்கொண்டிருக்கும் உதைபந்தாட்டக் கழகத்தின் புள்ளிப்பட்டியலும் அப்படித்தான். வீரர்களின் தரம், பயிற்றுவிப்பாளரின் பிழை, நிர்வாகத்தின் குளறுபடி, வெறும் துரதிர்ஷ்டம் எல்லாம் அந்த ஒற்றை இலக்கத்துக்குள் கலந்திருக்கும். ஆனால் கழகங்கள் பெரும்பாலும் எதையும் பிரித்துப் பார்க்காமல், "அடுத்தவர் யார்?" என்ற கேள்விக்கே தாவிவிடுகின்றன. அதனால் என்ன நேரும் என்பதற்குக் கடலுக்கு அப்பால், நமக்கு மிக அருகில், ஒரு கழகம் சாட்சியாக இருக்கிறது.

நான்கு கோல், இருபத்தெட்டு கோல்

சென்னையின் எப்.சி. 2014இல் தொடங்கியது. 2015இலும் 2017–18 பருவத்திலும் இந்தியன் சுப்பர் லீக் கிண்ணத்தை வென்றது. இரண்டாவது கிண்ணத்தை வென்று கொடுத்தவர் இங்கிலாந்தின் ஜோன் கிரகரி. அடுத்த பருவத்தில் அதே கிரகரியின் கீழ் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் எடுத்து அணி கடைசி இடத்தில் முடித்தது. கழகம் அவரை நீக்கவில்லை. 2019–20 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது 4 கோல்களும் 5 புள்ளிகளும்தான் கையில் இருந்தன. நவம்பர் இறுதியில் கிரகரி விலகினார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஓவன் கொய்ல் வந்தார். 2009இல் பேர்ன்லி கழகத்தை இங்கிலாந்து பிரிமியர் லீக்குக்கு உயர்த்தியவர் அவர். மீதி 12 லீக் ஆட்டங்களில் சென்னை 28 கோல்களை அடித்து 24 புள்ளிகளை எடுத்தது. நான்காம் இடத்தோடு அரையிறுதிக்குள் நுழைந்து, கோவா அணியை மொத்தமாக 6–5 என்று வென்றது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் ரசிகர்களே இல்லாத ஃபடோர்டா அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் ஏ.டி.கே. அணியிடம் 3–1 என்று தோற்றது.

கொய்லின் திறமையை இதில் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பருவம் 15 கோல்களை அடித்த நெரியஸ் வால்ஸ்கிஸ், நடுக்களத்தை இயக்கிய ரஃபேல் கிரிவெல்லாரோ இருவரும் கொய்ல் வருவதற்கு முன்பே அணியில் இருந்தவர்கள். ஆட்களுக்குக் குறைவில்லை, அவர்களை ஆடவைத்த விதத்தில்தான் குறை இருந்தது. பயிற்றுவிப்பாளரை மாற்றித் தீர்க்கக்கூடிய நோய் அது.

அதே மனிதர், 11ஆம் இடம்

அடுத்த பருவத்தில் கொய்ல் ஜம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். சென்னை புதிதாக சபா லாஸ்லோவைக் கொண்டுவந்தது, 20 ஆட்டங்களில் 3 வெற்றிகளோடு எட்டாம் இடத்தில் முடித்தது. கோலடிப்பவர் போய்விட்ட இடத்தில் பயிற்றுவிப்பாளரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? அவருக்குப் பின் போஜிதார் பாண்டோவிச், பிறகு தோமஸ் பிரடாரிச். ஆள் மாறிக்கொண்டே இருந்தார், இடம் மட்டும் எட்டிலேயே நின்றது.

கொய்லோ 2021–22இல் ஜம்ஷெட்பூரை லீக் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோய்க் கேடயம் வென்று கொடுத்தார். 2023இல் சென்னை அவரையே திரும்ப அழைத்தது. முதல் பருவத்தில் ஆறாம் இடம் கிடைத்தது. 2024–25இல் 13 அணிகளில் 11ஆம் இடம்.

அவருடைய சான்றிதழும் அனுபவமும் குறையவில்லை, மாறியது அவரைச் சுற்றி இருந்தவைதான். ஒருவர் நல்ல பயிற்றுவிப்பாளரா என்று கேட்பதோடு, இன்றைய நம் குறைக்கு அவர் பொருத்தமானவரா என்றும் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மாற்றினால் ஏறும் என்பது உண்மையா?

பயிற்றுவிப்பாளரை நீக்கியதும் அணி வெல்லத் தொடங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் 1986 முதல் 2004 வரையான அந்நாட்டு லீக் ஆட்டங்களை எடுத்து இதைச் சோதித்தார். சரிவில் பயிற்றுவிப்பாளரை நீக்கிய கழகங்களை, அதே மாதிரிச் சரிந்தும் நீக்காத கழகங்களோடு ஒப்பிட்டார். இரு தரப்பும் மீண்டன. நீக்கியதால் தனியாக எந்த இலாபமும் தெரியவில்லை. கெட்ட காலத்தின் அடியில் நின்றுதான் ஆளை மாற்றுகிறோம். அதன் பிறகு ஏறுமுகம் இயல்பாகவே வரும், புகழ் மட்டும் புதியவருக்குப் போய்விடும்.

இடைக்காலப் பொறுப்பாளரை நிரந்தரமாக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். லெஸ்டர் சிட்டிக்கு 2016இல் பிரிமியர் லீக் கிண்ணத்தை வென்று கொடுத்த கிளாடியோ ரனியேரி 2017 பெப்ரவரியில் நீக்கப்பட்டார். உதவியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார். ஜூனில் நிரந்தரமானார், ஒக்டோபரில் அவரும் நீக்கப்பட்டார்.

நோய் மைதானத்துக்கு வெளியே இருந்தால் யார் வந்தும் பயனில்லை. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியபோது, தேசிய அணிக்குப் பல மாதங்கள் சர்வதேச ஆட்டமே இல்லை. எந்தப் பயிற்றுவிப்பாளராலும் தீர்க்க முடியாத சிக்கல் அது. ஓகஸ்டில் தடை நீங்கியது. அடுத்த ஆண்டு குவைத்தைச் சேர்ந்த அப்துல்லா அல்முதைரி பொறுப்பேற்றார். வெளிநாடுகளில் வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்களும் அணிக்கு வந்தார்கள். ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் கம்போடியாவைப் பெனல்டியில் வென்றோம். ஆட வாய்ப்பு, ஆட்கள், வழிநடத்துபவர் மூன்றும் ஒன்றுசேர்ந்த பிறகு கிடைத்த வெற்றி அது.

ஊர்க் கழகத்தின் கணக்கு

இங்கிலாந்தில் முகாமையாளர் என்பவர் ஆட்ட உத்தியோடு, வீரர்களை வாங்குவதிலும் சொல்வாக்கு உள்ளவர். நம் பக்கத்தில் மனேஜர் என்றால் ஜேர்சி, பஸ், பதிவுப் படிவம் பார்ப்பவர். வெற்றி தோல்விக்குப் பதில் சொல்பவர் பயிற்றுவிப்பாளர், பல இடங்களில் 'கோச்'. புல்மோட்டை போன்ற ஊரில் அந்த இடத்துக்கு வரக்கூடியவர்கள் மூன்று வகை: மூத்த வீரர், பாடசாலை உடற்கல்வி ஆசிரியர், சான்றிதழுள்ள வெளியூர்க்காரர். திருகோணமலை நகரம் 50 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கிருந்து வருபவரால் வாரத்துக்கு எத்தனை மாலை மைதானத்தில் நிற்க முடியும் என்பதை அவருடைய சான்றிதழ் சொல்லாது.

ஆகவே நிர்வாகக் குழு பெயர்களை எழுதுமுன் கடைசிப் பத்து ஆட்டங்களை எழுதிப் பார்க்கட்டும். வாங்கிய கோல்கள் கோர்னரிலிருந்து வந்தவை என்றால், கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியரே போதும். கடைசி இருபது நிமிடங்களில் விழுந்தவை என்றால், களைப்புக் காரணமாக இருக்கலாம்; பயிற்சிக்கு யார் வருகிறார், யார் வருவதில்லை என்ற பதிவைத் திறக்க வேண்டும். கடலுக்குப் போகிறவனுக்கும் மணல் ஆலையில் முறைவேலை பார்ப்பவனுக்கும் ஒத்துவரும் நேரத்தைக் கண்டுபிடித்து, அவர்களை இழுத்து வரக்கூடிய மூத்த வீரர்தான் அங்கே தேவை. நல்ல கோல்காப்பாளரே இல்லை என்றால் முதலில் தேட வேண்டியது கோச்சை அல்ல, கோல்காப்பாளரை.

பத்து ஆட்டங்களில் நான்கு ஒற்றைக் கோலில் போனவை, எதிரணியைவிட நாமே அதிகம் கோல் வாய்ப்புகளை உருவாக்கினோம் என்று தெரிந்தால், இருக்கிற கோச்சுக்கு இன்னொரு பருவம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தை முடித்துக்கொள்ளலாம்.