கண்வலிக் கிழங்கு: பூ அழகு, கிழங்கு விஷம்



செங்காந்தள் என்றால் பலருக்குப் புரியாது. கண்வலிக் கிழங்கு, கார்த்திகைப் பூ என்றால் "ஓ, அந்த வேலிக் கொடியா" என்பீர்கள். அதுதான் நம்ம தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதை வயலிலேயே பயிர் செய்கிறார்கள். பூவுக்காக இல்லை, விதைக்காக. விதையில் இருந்து எடுக்கும் கோல்சிசின், கவுட் என்ற மூட்டு வீக்கத்துக்கு மருந்தாகிறது.

வீட்டில் வைக்க ஆசைப்படுபவர்கள் ஆனி, ஆடியில் கிழங்கு ஊன்றலாம். விதை போட்டால் பூ பார்க்க மூன்று, நான்கு வருஷம் ஆகிவிடும். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்து இரண்டு கொம்போடு இருக்கும். கொம்பின் நுனியில்தான் முளை. அது ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. அதனால் கூடையில் கொட்டாமல் முட்டையை எடுப்பது போல் எடுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். மணல் கலந்த செம்மண் நல்லது. இலை நுனியே சுருண்டு பிடித்துக்கொண்டு ஏறும், ஒரு குச்சியோ கம்பி வேலியோ இருந்தால் போதும். பூ முதலில் பச்சையாக இருந்து, மஞ்சளாகி, பிறகு சிவப்பாகும். பூத்து முடிந்து கொடி காய்ந்ததும் செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாதீர்கள்! கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிறது, அவ்வளவுதான். அப்போது தண்ணீர் வேண்டாம்.

காய் வேண்டும் என்றால் கை வேலை உண்டு. இந்தப் பூவில் சூல்முடி ஒரு பக்கமாக வளைந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். காலையில் மகரந்தத்தைத் தொட்டு அதில் தடவி விட வேண்டும். வயல்களில் பெரும்பாலும் பெண்கள்தான் பூப் பூவாகப் போய் இதைச் செய்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். இந்தச் செடி முழுக்க விஷம், கிழங்கில் அதிகம். சர்க்கரைவள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டு உயிர் போனதும் உண்டு. வேக வைத்தாலும் விஷம் போகாது. நாட்டு மருந்து என்று யார் அரைத்துக் கொடுத்தாலும் வாங்கிக் குடிக்காதீர்கள். தவழும் பிள்ளையோ, ஆடு மாடோ இருக்கும் வாசலில் இதை வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. விதைக் கிழங்கை அடுப்படியில் வைக்காதீர்கள். தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோறு பிசையுங்கள்.

யாராவது தின்றுவிட்டால் வாந்தி, பேதி தொடங்கவே சில மணி நேரம் ஆகலாம். "ஒண்ணும் ஆகலையே" என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மிச்சக் கிழங்கு இருந்தால் டாக்டரிடம் காட்ட அதையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.