கேஸ்கட்டுக்கு இரண்டு பக்கம்

ஹெட் கேஸ்கட் மாற்றிய வண்டி சில மாதங்களில் அதே கோளாறோடு மறுபடி பட்டறைக்கு வந்தால், முதல் திட்டு கேஸ்கட்டுக்குத்தான். 'டூப்ளிகேட் மால் சார்' என்பார் மெக்கானிக். 'கை சரியில்லை' என்பார் வண்டிக்காரர். கேஸ்கட்டும் ஒரிஜினலாக, மெக்கானிக்கும் வேலை தெரிந்தவராக இருந்தும்கூட இது நடக்கும். எஞ்சின் பிளாக்கின் மேல்முகத்தை யாரும் விசாரிப்பதில்லை என்பதுதான் காரணம். இன்னொரு டீ சொல்லிவிட்டு வாருங்கள், நிதானமாகப் பேசுவோம்.

பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய தகட்டுக்கு மூன்று வேலை. சிலிண்டருக்குள் எரியும் வாயு வெளியேறாமல் பிடிக்க வேண்டும். ஹெட்டுக்கு ஏறும் ஆயிலை அதன் வழியிலேயே அனுப்ப வேண்டும். கூலண்டையும் அப்படியே. மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. கலந்தால் என்ன ஆகும் என்பது வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்: ரேடியேட்டரில் குமிழி, சைலன்ஸரில் வெள்ளைப் புகை, ஆயில் குச்சியில் வெளிறிய குழம்பு.

எவ்வளவு பளுவைத் தாங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறக்குறைய 44 சதுர செ.மீ. பெட்ரோல் எஞ்சினில் எரியும் கணத்தில் 60 பார் அழுத்தம் என்று வைத்தால், ஹெட்டை மேலே தள்ளும் விசை இரண்டரை டன்னுக்கும் மேல். அதுவும் ஒரே ஒரு சிலிண்டரில். எஞ்சின் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 25 முறை இப்படி உதைக்கிறது. டீசலில் அழுத்தம் இதைப்போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் போகும்.

இதையெல்லாம் அந்தக் காலத்து எஞ்சினும் தாங்கியதே என்று கேட்பீர்கள். தாங்கியது. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. சூடேறினால் இரண்டும் சேர்ந்தே நீளும், ஆறினால் சேர்ந்தே சுருங்கும். அந்தத் தலைமுறை எஞ்சின்களில் செம்புத் தகடுகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் வைத்த கேஸ்கட் வந்தது. மிருதுவான சரக்கு. போல்ட்டை இறுக்கியதும் பிளாக்கின் கீறலிலும் பள்ளத்திலும் புதைந்து அடைத்துக்கொள்ளும். முகம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் அதற்குப் பிடிமானம்கூட. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பேஸ்ட் தடவி மாட்டியவர்கள் தப்பாகச் செய்யவில்லை. அந்தக் கேஸ்கட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்றைய கார்களில் கணிசமானவற்றில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு நீளும். 40 செ.மீ. நீளமுள்ள ஹெட் காலையில் 30 டிகிரியில் கிளம்பி 90ஐத் தொடும்போது அரை மி.மீ.க்குச் சற்று மேல் நீண்டிருக்கும்; அடியில் இருக்கும் பிளாக் அதில் பாதிதான் நீளும். மிச்சம் கால் மி.மீ. தூரத்துக்கு இரண்டு முகங்களும் கேஸ்கட்டை நடுவில் வைத்துக்கொண்டு தேய்கின்றன. வண்டி ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் இந்தத் தேய்ப்பு உண்டு.

இதற்காகத்தான் எம்.எல்.எஸ். எனப்படும் பல அடுக்கு எஃகுக் கேஸ்கட் வந்தது. மெல்லிய ஸ்பிரிங் எஃகுத் தகடுகள் மூன்று, நான்கு அடுக்காக இருக்கும். சிலிண்டரைச் சுற்றி வரம்பு போலப் புடைத்திருக்கும். மேலே ரப்பர் பூச்சு, அதன் கனம் ஒரு மி.மீ.யில் நூற்றில் சில பங்குதான். பள்ளத்தில் புதைந்து அடைக்கும் சுபாவம் எஃகுக்குக் கிடையாது. அந்தப் பூச்சு அடைக்கிற அளவுக்குத்தான் அடைக்கும். பழைய கேஸ்கட்டுக்கு முகத்தின் சொரசொரப்பு 1.5 முதல் 2 மைக்ரான் சராசரி இருந்தால் பொருத்தம். எம்.எல்.எஸ்.ஸுக்கு 0.75 மைக்ரானுக்குள் இருப்பது நல்லது என்பது பொது விதி. கனமான பூச்சுள்ள சில ரகங்கள் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நம் ஊர்ப் பட்டறையில் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். ஹெட்டைக் கழற்றியதும் லேத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஃபேசிங் போட்டு, வால்வு தேய்த்து, புத்தம் புதிதாகத் திரும்பி வருகிறது. பிளாக் எங்கே? வண்டியிலேயே. அதை லேத்துக்கு அனுப்ப எஞ்சினை இறக்க வேண்டும், கிராங்க் வரை பிரிக்க வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும். ஆகவே அதற்குக் கிடைப்பது ஒரு சுரண்டி, ஒரு உப்புத்தாள், அரை மணி நேரம். கேஸ்கட்டின் மேல்பக்கம் கண்ணாடியில் உட்காருகிறது, கீழ்ப்பக்கம் கரட்டில். லீக் எந்தப் பக்கம் தொடங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிளாக்கை வண்டியில் வைத்தபடியே ஒழுங்காகச் செய்ய முடியுமா? பெரும்பாலும் முடியும். அவசரப்படாத கை வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் குப்பை உள்ளே போகாமல் பார்க்க வேண்டும். பிஸ்டன்களைப் பாதி இறக்கி, விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் பூசினால் விழும் தூளை அது பிடித்துக்கொள்ளும். டைமிங் செயினைப் பூட்டி வைத்திருந்தால் கிராங்கைச் சுற்றக் கூடாது. அப்போது பிஸ்டன் நிற்கும் இடத்திலேயே பூசுங்கள். சிலிண்டர், ஆயில் துளை, கூலண்ட் வழி எல்லாவற்றிலும் துணி. பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் உதிரும். எத்தனை துணி அடைத்தோம் என்று எண்ணி எழுதிக்கொள்வது கேலிக்குரிய காரியம் அல்ல.

அடுத்து சுரண்டல். கேஸ்கட் ரிமூவரை அடித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் பாதி வேலை தானே நடக்கும். வார்ப்பிரும்பு பிளாக்கில் பிளேடைப் படுக்கவைத்த வாக்கில் தள்ளலாம். பிளாக்கும் அலுமினியமாக இருந்தால் பிளாஸ்டிக் சுரண்டி மட்டும். இரும்பு முனை ஒரு முறை கடித்தால் அந்தக் கீறல் நிரந்தரம். பழைய மாடல் வண்டியை வைத்துப் புதுப்பிக்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தக் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரமாக்கித்தான் சுரண்ட வேண்டும். காய்ந்த தூளைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது.

இப்போது பட்டறைகளின் செல்லப்பிள்ளையான அந்தச் சுழலும் நார் டிஸ்க்குக்கு வருவோம். ஏர் டூலில் மாட்டி அழுத்தினால் சில நிமிடத்தில் பிளாக் பளிச்சென்று ஆகிவிடும். பார்க்க அழகு. அதில் இரண்டு கேடு. ஒன்று, டிஸ்க் வளையும் பொருள். மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகத் தேய்க்கும், ஓரிடத்தில் நின்றால் அங்கே குழி விழும். கண்ணுக்குத் தெரியாது, கேஸ்கட்டுக்குத் தெரியும். இரண்டாவது இதைவிட மோசம். அந்த டிஸ்க்கில் இருப்பது அலுமினியம் ஆக்ஸைடு, உப்புத்தாளில் இருக்கும் அதே கடினத் துகள். அது உதிர்ந்து ஆயில் வழிக்குள் போனால் பேரிங்கின் மிருதுவான உலோகத்தில் பதிந்துகொண்டு கிராங்கை அராவும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்த டிஸ்க்குகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று தன் சர்வீஸ் மையங்களுக்குத் தனிச் சுற்றறிக்கையே விட்டது. ஹெட்டுக்கு ஏறும் ஆயில் துளை ஃபில்டரைத் தாண்டிய வழி என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே விழும் தூளைத் தடுக்க அதற்கு அப்பால் எதுவும் இல்லை.

பளபளப்பைத் தேடுவதே வீண் வேலை என்பது என் கருத்து. பழைய கேஸ்கட்டின் தடம் நிறமாக மட்டும் தெரிந்தால் அது கறை, இருந்துவிட்டுப் போகட்டும். நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகத்தில் தட்டினால்தான் அது குற்றம். அப்படித் தட்டும் பிசிறுக்கு மட்டும், தட்டையான எஃகுக் கட்டையில் 400 எண் எமரித் தாளைச் சுற்றி, துளி எண்ணெய் விட்டு, கட்டையின் கனமே அழுத்தமாக இருக்கும்படி இழுத்தால் போதும். விரலில் தாளைச் சுற்றித் தேய்த்தால் விரல் வடிவத்துக்குப் பள்ளம் வரும்.

சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வேண்டும். எவர்சில்வர் ஸ்கேல் இந்த வேலைக்கு ஆகாது. நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களில் வைத்து, அடியில் எந்தத் தகடு நுழைகிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சினுக்கு எஞ்சின் வரம்பு மாறும். சிறு கார்களில் பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை. ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனமே 0.1 மி.மீ.தான். அதற்கு மேல் போனால் கைவேலைக்கு அங்கே இடமில்லை, எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும். கூலண்ட் துளையோரம் அரித்திருப்பதும் இப்படித்தான். அரிப்பு சிலிண்டரைச் சுற்றிய வரம்பு உட்காரும் இடத்தைத் தொட்டுவிட்டால் பேஸ்ட் வைத்து மறைக்க முடியாது. போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இந்த அரிப்பை அடிக்கடி பார்க்கலாம்.

போல்ட் துளைகளை யாரும் முகத்தோடு சேர்த்து நினைப்பதில்லை. நினைக்க வேண்டும். அடி மூடிய துளையில் எண்ணெயோ கூலண்டோ தேங்கி நிற்க, அதன்மேல் போல்ட்டை முறுக்கினால் திரவம் போக இடமில்லாமல் பிளாக்கையே விரிசல் விட வைக்கும். காற்றடித்து, துடைத்து, உலர்த்த வேண்டும். மரையைச் சுத்தம் செய்யப் புது மரை வெட்டும் டேப் கூடாது, அது உலோகத்தைத் தின்றுவிடும். மரையைத் துடைப்பதற்கென்றே சேஸர் இருக்கிறது. டார்க் ரென்ச்சில் நாம் போடும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே செலவாகிறது. ஹெட்டை அழுத்திப் பிடிப்பது மிச்சமிருக்கும் ஒரு பங்குதான். மரையில் துருவும் அழுக்கும் இருந்தால் அதிலும் குறையும். ரென்ச் 'கிளிக்' என்று சொல்லும், ஹெட் இறுகியிருக்காது. நீண்டு இறுகும் வகை போல்ட் என்றால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது.

கடைசியாகச் சுத்தமான வெள்ளைத் துணியில் பிரேக் கிளீனர் நனைத்து முகத்தைத் துடைக்க வேண்டும். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைக்க வேண்டும். அதன்பின் விரல்கூடப் படக் கூடாது. எம்.எல்.எஸ். கேஸ்கட்டுக்குப் பேஸ்ட் கிடையாது. டைமிங் கவரும் பிளாக்கும் சேரும் மூலையில் மட்டும் ஒரு பொட்டு வைக்கச் சில கையேடுகள் சொல்லும், அங்கே மட்டும். கேஸ்கட் முழுக்கப் பேஸ்ட் பூசி மாட்டுவது செம்புக் கேஸ்கட் காலத்துப் பழக்கம். இன்று அது ஆயில் துளையை அடைக்கத்தான் உதவும்.

இத்தனையும் செய்ய அரை நாளாவது ஆகும். கேஸ்கட்டை வைத்துப் போல்ட் முறுக்க ஒரு மணி நேரம் போதும். வண்டிக்காரர்களாகிய நாம் பில்லில் பார்ப்பது கேஸ்கட் விலை, லேத் கூலி, இரண்டைத்தான். 'எப்ப சார் ரெடியாகும்' என்று மணிக்கொரு போன் வேறு. மெக்கானிக் அந்த நார் டிஸ்க்கை எடுப்பது அந்த போனுக்குப் பயந்துதான். அடுத்த முறை உங்கள் வண்டியின் ஹெட் லேத்துக்குப் போகும்போது, பிளாக்கில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பார்த்தேன் என்று அளவைச் சொல்கிறவர், சுத்தம் செய்த கூலி என்று பில்லில் தனியாக ஒரு தொகை எழுதினால் அதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.