முதியோர் மனச்சோர்வுக்குப் பேச்சு வைத்தியம்

கிராமத்தில் தனியே இருக்கும் தாயாரோ தகப்பனாரோ, "தூக்கம் வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, இனி இருந்து என்ன ஆகப் போகிறது?" என்று சொன்னால், "வயதானால் அப்படித்தான்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் பிள்ளை மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார். டெலிபோன் பேச்சோ, "மாத்திரை போட்டாச்சா?" என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் புலம்பல் முதுமையின் இயல்பு அல்ல. மனச்சோர்வு என்ற நோயின் தொடக்கமாக இருக்கலாம்.

கிராமத்து முதியவர் எவரும் டாக்டரிடம் போய், "மனசு சரியில்லை" என்று சொல்வது அபூர்வம். முழங்கால் வலி, கிறுகிறுப்பு, நெஞ்செரிச்சல் என்றுதான் சொல்வார். ஒரு சத்து ஊசியோடு பஸ் ஏறித் திரும்பிவிடுவார். மனநோய் நிபுணரைப் பார்க்க வேண்டுமானால் நகரத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்த விஷயத்தில் கோவாவில் நடந்த ஒரு சோதனை கவனிக்கத்தக்கது. அங்கும் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும் கப்பல் வேலைக்கும் போய்விட, பெற்றோர் வீட்டுக்குக் காவலாக இருப்பது சகஜம். கோவா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் அமித் டயஸும், 'சங்கத்' என்ற தொண்டு நிறுவனத்தாரும், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நிபுணர்களும் சேர்ந்து இதை நடத்தினார்கள். கிராமத்திலும் நகரத்திலும் உள்ள ஆரம்ப மருத்துவ நிலையங்களுக்கு வந்த 60 வயதுக்கு மேற்பட்ட 181 பேர் சேர்க்கப்பட்டனர். எல்லாருக்கும் சோர்வின் அறிகுறிகள் லேசாக இருந்தன. நோய் இன்னும் முற்றவில்லை.

இவர்களில் 91 பேரிடம் பேசியவர்கள் டாக்டர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள். ஒவ்வொருவரிடமும் 6 முதல் 10 தடவை, தடவைக்கு 30, 40 நிமிஷம் பேசினார்கள்.

புத்திமதி அல்ல

"கவலைப்படாதீர்கள், கடவுள் இருக்கிறார்" என்று தேற்றுவது இந்த வைத்தியம் ஆகாது. அது பக்கத்து வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கும். முதியவரை அழுத்தும் பிரச்னைகளை அவர் வாயாலேயே சொல்லவைத்து, அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, முதியோர் பென்ஷன் நின்றுபோயிருக்கிறது. யாரைப் பார்க்கலாம், யாரைத் துணைக்கு அழைக்கலாம் என்று இரண்டு மூன்று வழிகளை அவரே சொல்லி, ஒன்றைத் தேர்ந்து செய்து பார்க்கிறார். என்ன ஆயிற்று என்று அடுத்த முறை விசாரிக்கப்படுகிறது. வேலை நடக்கவில்லையென்றால் வேறு வழி.

தூக்கத்துக்கும் யோசனை உண்டு: தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, விழித்தபடி புரண்டுகொண்டிராமல் எழுந்துவிடுவது, காலையில் தினமும் ஒரே நேரத்தில் எழுவது. சர்க்கரை நோய் போன்றவற்றில் உடம்பைக் கவனித்துக்கொள்வது, அரசு உதவிகளைப் பெறுவது பற்றியும் பேசினார்கள்.

முடிவு 2019-ம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளானவர்கள், பேச்சு வைத்தியம் பெற்ற 91 பேரில் 4 பேர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 90 பேரில் 13 பேர். 181 பேர் என்பது சிறிய தொகைதான். என்றாலும் மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைத்த பலன் இது.

இது நோய் முற்றாமல் தடுக்கும் வழியே தவிர, முற்றிய நோய்க்கு டாக்டரும் மருந்தும் தேவைப்படலாம். சாவைப் பற்றியே பேசுகிறவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். பென்ஷன், பராமரிப்பு முதலிய விவகாரங்களுக்கு முதியோர் உதவி எண் 14567. ஊரில் பெற்றோர் கண்ணில் படும்படி, காலண்டர் பக்கத்தில் இந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கலாம்.