பெருந்தொற்றுக் காலத்தில் அறுவை அரங்கின் செயல்திறன்

பெருந்தொற்றுக் காலத்தில் அறுவை அரங்கின் செயல்திறன் என்பது, கொள்ளைநோய் பரவும் காலத்தில் ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்கு தனக்குரிய நேரத்தையும் பணியாளர்களையும் கருவிகளையும் எந்த அளவிற்குப் பயன்படுத்த இயல்கிறது என்பதைக் குறிக்கும். 2020ஆம் ஆண்டு பரவிய கோவிட்-19 இச்செயல்திறனை உலகெங்கும் குறைத்தது. தமிழ்நாட்டின் ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற எல்லைப் பகுதிகளில், அரங்கினுள் ஏற்பட்ட தாமதத்துடன் மாநில எல்லையைக் கடப்பதில் ஏற்பட்ட தடையும் சேர்ந்துகொண்டது.

அளவைகள்

அறுவை அரங்கின் செயல்திறனை அளக்கப் பொதுவாகப் பின்வருவன கருதப்படுகின்றன: நாளின் முதல் அறுவை குறித்த நேரத்தில் தொடங்குதல், ஒரு நோயாளி வெளியேறி அடுத்தவர் உள்ளே வரும்வரை ஆகும் இடைநேரம், அரங்கு பயன்பட்ட நேரத்தின் விழுக்காடு, கைவிடப்பட்ட அறுவைகளின் எண்ணிக்கை.

இடைநேரம் நீளும் காரணங்கள்

மயக்க மருந்து கொடுப்பதற்காக மூச்சுக்குழலில் குழாயைச் செலுத்தும்போதும் அகற்றும்போதும் நோய்க்கிருமி கொண்ட நுண்திவலைகள் காற்றில் கலக்கக்கூடும். மணிக்கு 20 முறை காற்று மாற்றப்படும் அரங்கில் அவற்றுள் 99 விழுக்காடு நீங்க 14 நிமிடங்கள் ஆகும். மணிக்கு 6 முறை மட்டும் மாற்றப்படும் அறையில் 46 நிமிடங்கள் ஆகும். எனவே காற்றோட்ட வசதி குறைந்த மருத்துவமனைகளே கூடுதல் நேரத்தை இழக்கின்றன. பாதுகாப்பு உடையை அணிதல், களைதல், அரங்கைத் தூய்மை செய்தல், பரிசோதனை முடிவுக்குக் காத்திருத்தல் ஆகியனவும் தாமதத்தைக் கூட்டுகின்றன.

எடுத்துக்காட்டாக, 8 மணி நேரம் இயங்கும் அரங்கில் ஓர் அறுவைக்கு 60 நிமிடங்களும் இடைநேரம் 30 நிமிடங்களும் எனக் கொண்டால் நாளொன்றுக்கு 5 அறுவைகள் செய்யலாம். இடைநேரம் 60 நிமிடங்களானால், மருத்துவரின் வேகம் குறையாதபோதும் 4 அறுவைகளே இயலும்.

பணியாளர்களும் ஆக்சிசனும்

மயக்க மருந்து மருத்துவர்களும் செவிலியரும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு மாற்றப்படும்போது அரங்குகள் ஆளின்றி நிற்கின்றன. இரண்டாம் அலையில் ஆக்சிசன் தட்டுப்பாடும் ஏற்பட்டது. 2021 ஏப்ரல் 22 முதல், 9 துறைகள் நீங்கலாக, தொழிற்சாலைகளுக்கு ஆக்சிசன் வழங்குவதை நடுவண் அரசு தடைசெய்து மருத்துவப் பயன்பாட்டிற்குத் திருப்பியது.

ஓசூர் - கிருஷ்ணகிரி பகுதி

அவசரமற்ற அறுவைகளைத் தள்ளிவைக்குமாறு நடுவண் நலவாழ்வு அமைச்சகம் 2020 மார்ச் 20 அன்று மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது. ஏப்ரல் 30 அன்று வெளியான பட்டியலில் தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி ஆகும். நோய்த்தொற்று பதிவாகாத இடத்திலும் அறுவைகள் குறையக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

இப்பகுதி மக்கள் சிறப்பு மருத்துவத்திற்குப் பெங்களூர் செல்வது வழக்கம். கிட்வாய் புற்றுநோய் நிலையம், நிமான்சு, பொம்மசந்திராவிலுள்ள நாராயண இருதயாலயா ஆகியன ஓசூர் சாலையிலேயே அமைந்துள்ளன. தமிழ்நாடு உள்ளிட்ட 4 மாநிலங்களிலிருந்து வருவோரை மே 31 வரை அனுமதிப்பதில்லை எனக் கர்நாடக அரசு 2020 மே 18 அன்று அறிவித்தது. குறித்த நாளில் நோயாளி வந்துசேர இயலாதபோது, அவருக்கென ஒதுக்கிய அரங்க நேரமும் வீணாகிறது.

நிலுவையும் பாதுகாப்பும்

பாதிப்பு உச்சத்திலிருக்கும் 12 வாரங்களில் உலகில் 2.84 கோடி திட்டமிட்ட அறுவைகள் கைவிடப்படவோ தள்ளிவைக்கப்படவோ கூடும் எனக் கோவிட்சர்க் ஆய்வுக்குழு 2020இல் மதிப்பிட்டது. இவற்றுள் ஏறத்தாழ 5.8 லட்சம் இந்தியாவைச் சார்ந்தவை. வழக்கமான அளவைவிட 20 விழுக்காடு கூடுதலாகச் செய்தாலும் நிலுவை தீர ஏறத்தாழ 45 வாரங்கள் ஆகும் என்றும் அக்குழு கூறியது. 5 அறுவைகளுக்குப் பதில் 4 மட்டும் செய்யும் அரங்கில் நிலுவை மேலும் வளரும். புற்றுநோயாளிகளுக்கு இத்தாமதம் உயிருக்கே ஊறாகலாம்.

எனினும் நீண்ட இடைநேரத்தை வீண் எனக் கருத இயலாது. 24 நாடுகளில் அறுவையை ஒட்டிக் கோவிட்-19 கண்டிருந்த 1128 பேரை அதே குழு ஆராய்ந்தபோது, 30 நாட்களுக்குள் 23.8 விழுக்காட்டினர் இறந்தது தெரியவந்தது. ஆகையால் பெருந்தொற்றில் அறுவைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு செயல்திறனை மதிப்பிடுதல் பொருந்தாது.

பிற்கால வளர்ச்சி

போலுப்பள்ளியில் அமைந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. மாவட்டத்திற்குள்ளேயே மருத்துவ வசதிகள் பெருகுவது, எல்லை மூடப்படும் காலங்களில் அறுவைகள் தடைபடுவதைக் குறைக்க உதவும்.