கல்விக் கட்டணம் இல்லாத நாட்டில் மொழிக் கணக்கு

2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49,483 பேர். வேறெந்த வெளிநாட்டிலிருந்தும் அங்கே இத்தனை பேர் இல்லை. அவர்களில் பலரை அங்கே இழுத்தது ஆங்கிலவழி முதுகலைதான். ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஐரோப்பிய நாடுகளில் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் பட்டப்படிப்புகள் 2001-ல் 725, 2007-ல் 2,389, 2014-ல் 8,089. பதின்மூன்றே ஆண்டில் 11 மடங்கு.

கோவையிலோ திருச்சியிலோ பி.இ. கடைசி வருடப் பிள்ளைக்காக வீட்டில் போடும் கணக்கு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் தொடங்கும்: சுமார் 18,000 ரூபாய், மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும். இந்தியப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு இன்னொரு 18,000. பிறகு வாழ்க்கைச் செலவுக்காக முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ. அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. விலக்கும் உண்டு: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை.

இந்தப் பட்டியலில் ஜெர்மன் மொழிக்கென்று ஒரு வரியும் இருப்பதில்லை. எனக்கு ஆதங்கம் அதில்தான். வகுப்பறைக்கு ஆங்கிலம் போதும். வாசலைத் தாண்டினால் போதாது. குடியேறி 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவமும் கூட வேண்டும். கொஞ்ச நாளில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும், ஜெர்மனில். விளம்பரம் என்று நினைத்து ஓரமாகப் போட்டுவிட்டால் மாதம் 18.36 யூரோ ஏறிக்கொண்டே போகும். 2 ஆண்டு முதுகலை முடிகையில் அது 440.64 யூரோ, அபராதம் தனி. டிவியே இல்லாத வீட்டுக்கும் இது உண்டு. ஒரே வீட்டில் நால்வர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும் என்பதும் அந்தக் கடிதத்தைப் படித்தவருக்குத்தான் தெரியும்.

மாணவர் ஆண்டுக்கு 140 முழுநாள் வேலை செய்யலாம். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. ஜெர்மன் தெரியாதவருக்குக் கிடங்கும் பாத்திரம் கழுவும் இடமும் எளிதாகக் கிடைக்கும். படித்த துறையில் பகுதிநேர வேலைக்குப் பல நிறுவனங்கள் ஜெர்மன் கேட்கும். படிப்பு முடித்து வேலை தேட 18 மாதம் அவகாசம். வேலையில் சேர்ந்து 2 ஆண்டுக்குப் பிறகு நிரந்தரக் குடியிருப்பு கேட்டால் இடைநிலையான பி1 அளவு ஜெர்மன் வேண்டும்.

பி1-க்கு எவ்வளவு உழைப்பு? ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே நிறுவனத்தின் கணக்கு 350 முதல் 650 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். அதாவது சுமார் 263 முதல் 488 மணி நேரம். முதுகலையில் ஒரு கிரெடிட் 30 மணி நேர உழைப்பு என்று வைத்தால், இது 9 முதல் 16 கிரெடிட் ஆகிறது. மொத்தப் படிப்பே 120 கிரெடிட்தான். ஆங்கிலவழிப் படிப்பு என்று விளம்பரம் செய்து அழைக்கும் பல்கலைக்கழகங்கள் இந்த உழைப்பை மாணவரின் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. 6 கிரெடிட்டைக் கட்டாய ஜெர்மனுக்கு ஒதுக்கினால் 180 மணி நேரம் கிடைக்கும். தொடக்க நிலையான ஏ1-க்கு அதிகபட்சமாகச் சொல்லப்படுவது 200 பாடவேளை, அதாவது 150 மணி நேரம். மெதுவாகக் கற்பவரும் அதை முடித்து, மேலே 30 மணி நேரத்தை அடுத்த நிலையான ஏ2-வுக்குக் கொடுக்கலாம்.