காப்புப்படியை எதில் வைப்பது?

ஓசூரை அடுத்துள்ள மத்திகிரி, 1824-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கால்நடைப் பண்ணையால் பெயர் பெற்ற ஊர். இன்று ஓசூர் வட்டாரத்தில் மோட்டார் வாகனங்களுக்கும் இயந்திரங்களுக்கும் உறுப்புகள் செய்து தரும் சிறு பட்டறைகள் பல இயங்குகின்றன. அத்தகைய பட்டறையின் செல்வம் யாது என்று கேட்டால், இரும்பும் லேத்துமே என்று விடை கூறத் தோன்றும். ஆயினும், உறுப்பை இன்ன அளவில் கடைக என்று சி.என்.சி. இயந்திரத்துக்குக் கட்டளையிடும் நிரல்களும், வரைபடங்களும், வரவுசெலவுக் கணக்கும் அங்குள்ள கணினி ஒன்றிற்குள் அன்றோ இருக்கின்றன? ஒரு நாள் காலையில் அக்கணினி இயங்க மறுத்துவிடின், லேத்து இருந்தும் தொழில் இல்லை. இறுதியாண்டு மாணவர் பல மாதம் உழைத்து எழுதிய ஆய்வேட்டுக்கும் இதே கதிதான். ஆதலின், காப்புப்படி எடுத்தல் யாவர்க்கும் உரிய கடமையாகும். அதனை எப்பொருளில் எடுத்து வைப்பது என்பதே இன்றைய வினா.

முதற்கண் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். மீட்பு என்பது இருவகைப்படும். கணினியை மீண்டும் எழுப்புவது ஒன்று. நம் கோப்புகளைத் திரும்பப் பெறுவது மற்றொன்று. விண்டோஸ் கணினியில் ஒரு பென் டிரைவைக் கொண்டு மீட்புச் சாதனம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால், அதில் நம் சொந்தக் கோப்புகள் இடம்பெறுவதில்லை. அதனை உருவாக்கும்போது அந்தப் பென் டிரைவில் முன்பிருந்தவை அனைத்தும் அழிந்தும் போகும். எனவே அதற்கெனத் தனியே ஒரு பென் டிரைவை ஒதுக்கிவிட்டு, கோப்புகளுக்கு வேறு பொருளைத் தேடுவதே முறை. கணினி நலமாக இருக்கும்போதே இதனைச் செய்து வைத்தல் வேண்டும் என்று கூறவும் வேண்டுமோ?

இனி, சேமிப்புப் பொருள்கள் ஒவ்வொன்றும் எவ்வாறு கெடுகின்றன என்று பார்ப்போம். பென் டிரைவிலும் எஸ்.எஸ்.டி.யிலும் செய்தி, சிலிக்கனில் அமைந்த நுண்ணறைகளுக்குள் மின்னூட்டமாக அடைபட்டுள்ளது. மட்பானையில் வைத்த நீர் மெல்லக் கசிவதுபோல இம்மின்னூட்டமும் நாளடைவில் கசியும். எழுதியெழுதித் தன் ஆயுளின் எல்லையை எட்டிவிட்ட எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓராண்டு செய்தியைக் காத்தால் போதும் என்பதே வீட்டுக் கணினிகளுக்கான தொழில்துறைத் தரவிதி. புதியவை இதனினும் நெடுநாள் காக்கும். எனினும், எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்துப் பத்தாண்டு மறந்திருப்பதற்கு இவை ஏற்றவை அல்ல.

ஹார்டு டிஸ்க் காந்தப் பூச்சில் எழுதுவது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க், 50 தட்டுகளில் 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கிற்று. இன்றோ உள்ளங்கையளவு பெட்டி ஒன்று அதனைப்போல் இலட்சக்கணக்கான மடங்கு தாங்குகிறது. விலையளவில் பெருங்கோப்புகளுக்கு இதுவே சிக்கனமானது. இதன் பகைவர் இருவர்: கைதவறி விழும் அதிர்ச்சியும், சுழலும் உறுப்புகளின் தேய்மானமும். ஒருமுறை மட்டும் எழுதத்தக்க குறுந்தகட்டில் கரிமச் சாயத்தின்மேல் லேசர் ஒளி குறியிடுகிறது. வெயிலும் ஈரமும் அச்சாயத்தைக் கெடுக்கும். அன்றியும், அதனைப் படிக்கும் கருவி புதிய கணினிகள் பலவற்றில் இல்லை. பொருள் நிலைத்தும் படிக்கும் கருவி மறைந்துவிடின் யாது பயன்?

பெருநிறுவனங்கள் இன்றும் காந்த நாடாவைக் கைவிடவில்லை. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மென்பொருட் பிழையொன்றால் ஜிமெயில் பயனர்களுள் ஒரு சிறு பகுதியினரின் அஞ்சல்கள் மறைந்தபோது, கூகுள் நிறுவனம் அவற்றை நாடாக்களிலிருந்தே மீட்டது. ஆனால் நாடாவை இயக்கும் கருவி விலைமிக்கது, மாணவர்க்கு எட்டாதது. மேகச் சேமிப்பு என்று நாம் அழைப்பதும் தொலைவில் பிறர் காத்துவரும் வட்டுகளே. கடவுச்சொல் தொலைந்தால் கதவு அடைபடும். இங்கே நாம் அழித்த கோப்பு அங்கும் தானே அழிந்துவிடுதலும் உண்டு.

இவ்வாறாயின் எதனை நம்புவது? எதனையும் தனித்து நம்பலாகாது என்பதே விடை. இவ்வுண்மை தமிழர்க்குப் புதிதன்று. செல்லரிக்கும் பனையோலையில் எழுதிய நூல்கள் பல நூற்றாண்டு வாழ்ந்தது ஓலையின் வலிமையால் அன்று; மீண்டும் மீண்டும் படியெடுத்துப் பல ஊர்களில் வைத்தமையால். அவ்வாறு பல இடங்களில் கிடைத்த பிரதிகளை ஒப்புநோக்கியே, உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். மாறாக, 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்தவற்றை மீண்டும் தேடிப் பெறலாம்; படியில்லாதவை என்றென்றைக்குமாகப் போயின.

இதனையே இக்காலக் கணினி அறிஞர்கள் 3, 2, 1 என்னும் விதியாகச் சொல்வர். படிகள் 3; அவற்றைத் தாங்கும் பொருள்கள் 2 வகை; அவற்றுள் 1 படி வேறிடத்தில். ஓசூரில் பட்டறை வைத்து மத்திகிரியில் குடியிருப்பவர், கணினியில் ஒரு படியும், ஹார்டு டிஸ்க்கில் ஒரு படி எடுத்து வீட்டிலும், மேகச் சேமிப்பில் மற்றொன்றுமாக வைப்பாராயின் விதி நிறைவேறிற்று. பட்டறையில் தீப்பிடித்தாலும், களவு நேர்ந்தாலும் தொழில் அழியாது.

அந்த ஹார்டு டிஸ்க்கை எப்போதும் கணினியில் செருகியே வைத்தல் தவறு. 2017-ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. சென்னையை அடுத்த ஒரகடத்திலுள்ள ரெனோ–நிசான் ஆலையும் அதனால் பாதிக்கப்பட்டதாக அந்நாளில் செய்திகள் வந்தன. இத்தகைய தீநிரல் இணைந்திருக்கும் வட்டையும் பூட்டிவிடும். கழற்றி வைத்ததை அணுகவியலாது.

இறுதியாக ஒன்று. மீட்டுப் பாராத படி, படியாகாது. 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தின் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. அந்நிறுவனம் ஐந்து வகைக் காப்பு முறைகளை வைத்திருந்தும், அவற்றுள் ஒன்றேனும் எதிர்பார்த்தபடி பயன்படவில்லை. ஓர் ஊழியர் தற்செயலாகச் சில மணி நேரம் முன்பு எடுத்திருந்த படியே கைகொடுத்தது.

ஆகவே மாணவர்களே, மூன்று திங்களுக்கு ஒருமுறை உங்கள் காப்புப்படியிலிருந்து ஒரு கோப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு அனைத்தையும் மாற்றுங்கள். பொருளைத் தேர்வதில் செலவிடும் சிந்தனையில் பாதியையேனும் இவ்வழக்கத்திற்குத் தருவீராயின், கணினி பழுதுற்ற நாளும் உங்களுக்கு மற்றுமொரு நாளாகவே கழியும்.